பத்தாம் நம்பர் எண்ணெய்

8 ஜனவரி 2017, ஞாயிறு

தீவனக் கடைக்காரர் இந்த வருஷமும் டைரி கொடுத்தனுப்பியிருக்கிறார். அட்டையில் பொன் எழுத்தில் என் வீட்டுக்காரர் பெயர், ரிஃபாத் என்று. அவர் நெஞ்சடைத்து மண்ணுக்குள் போய் அறுபது நாளாகிறது. ஸிலே ஊர் முழுக்கத் தெரிந்தது கடைக்காரருக்கு மட்டும் தெரியாதா? அச்சடித்ததை வீணாக்க மனசு வரவில்லை போல. எனக்கும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவள் கையெழுத்து இப்படித்தான் கோணும். யார் படிக்கப் போகிறார்கள்.

கார் முற்றத்தில் நிற்கிறது. அதன் மேல் ஒரு சாண் பனி.

10 ஜனவரி

கொழுந்தன் பெக்கிர் வந்தார். இருபது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன், உலகத்தில் சக்கரம் உள்ள எல்லாமே தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பு. ரெண்டு கிளாஸ் டீ குடித்தபிறகு வாயைத் திறந்தார்.

"அண்ணி, டீசல் வண்டிய இந்தக் குளிர்ல சும்மா போட்டு வச்சா வீணாப் போயிரும். என்கிட்ட குடுங்க, நான் ஓட்டிக்கிட்டிருக்கேன். பொம்பள கையில டர்போ நிக்காது."

கிளாஸ்களை எடுத்துக் கழுவப் போனேன்.

சட்டப்படி கார் எனக்கும் என் மகள் நெர்மினுக்கும்தான். அவள் இஸ்மீரிலிருந்து போனில், "வித்துரும்மா, நீ அதைப் பாத்துப் பாத்து அழுவே" என்கிறாள். அழுகைக்கு ஒன்றும் செலவில்லை. ஆனால் வியாழக்கிழமை துர்ஹால் சந்தைக்கு என் யுஃப்கா ரொட்டியை யார் கொண்டுபோவார்கள்? அறுபது ரொட்டி, பலகை, குடை — பஸ்காரன் ஏற்ற மாட்டான். கார் போனால் சந்தை போச்சு. சந்தை போனால் பெக்கிர் வீட்டு அடுப்போரம்தான் எனக்கு. அவர் கொடுக்கும் கஞ்சிக்கு ஒவ்வொரு வேளையும் நன்றி சொல்லிக்கொண்டு.

11 ஜனவரி

ஸ்டார்ட் செய்து பார்த்தேன். இஞ்சின் உள்ளே சூடேறி, மீட்டர் பக்கத்தில் எரிகிற சுருள் விளக்கு அணையும் வரைக்கும் காத்திருந்து சாவியைத் திருப்ப வேண்டும். மூன்றாவது தடவை பிடித்தது.

எனக்கு ஓட்டத் தெரியாது, இனிமேல்தான் பழக வேண்டும். லைசென்ஸ் இருக்கிறது, 2009-ல் அவரே வாங்க வைத்தார். பிறகு ஒருநாள்கூடத் தரவில்லை, "கிளட்ச் தேஞ்சிரும் கெஸ்பான்" என்பார். ஆனால் இந்த இஞ்சினை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் விளக்குப் பிடித்து நின்றிருக்கிறேன். ஒன்றரை லிட்டர், நாலு சிலிண்டர், நாலு இன்ஜெக்டர், எண்பத்தஞ்சு குதிரை. ஆயில் நாலரை லிட்டர், ஒரு சொட்டு கூடவோ குறையவோ கூடாது. புத்தகத்தில் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம் மாற்று என்றிருக்கும், இவர் பத்தாயிரத்திலேயே மாற்றுவார். குளிர் வருமுன் டீசல் ஃபில்டரில் தங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். மேடு ஏறி வந்தால் உடனே அணைக்கக் கூடாது, டர்போ சுற்றி அடங்க ஒரு நிமிஷம் விட வேண்டும்.

பித்தப்பை வலியில் நான் சுருண்டு கிடந்த அன்றைக்கும், ஆஸ்பத்திரி வாசலில் அந்த ஒரு நிமிஷம் உட்கார்ந்துதான் இருந்தார். "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று. என்னிடம் சொன்னாரா, டர்போவிடம் சொன்னாரா, இன்னும் தெரியவில்லை.

13 ஜனவரி, வெள்ளி

காரின் சின்னப் பெட்டிக்குள் ஒரு காகிதம். தோகாத் ஆஸ்பத்திரி. இருதயக் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்கும் பரிசோதனை — 21 செப்டம்பர் 2016, காலை ஒன்பது மணி.

அதற்கடியில் அவருடைய கார் நோட்டு. அதே தேதி. "டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மாற்றியாச்சு. 1,18,400 கி.மீ."

அன்று சாயங்காலம் வந்து, "டாக்டர் பாத்தாரு, ஒண்ணுமில்ல, உப்பை மட்டும் குறைக்கச் சொன்னாரு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ரெண்டு மாசம் உப்பில்லாமல் சமைத்தேன். நானும் அதையேதான் தின்றேன்.

14 ஜனவரி

மனசு கேட்கவில்லை. பனியில் நடந்தே பட்டறைத் தெருவுக்குப் போனேன். ஹிக்மெத் உஸ்தா எங்கள் காரைத் தொட்ட ஒரே மெக்கானிக்.

"செப்டம்பர்ல பெல்ட் மாத்தின அன்னிக்கு அவர் எங்க இருந்தாரு உஸ்தா?"

"இங்கதான் தங்கச்சி. காலையிலேர்ந்து இருட்டுற வரைக்கும். பழைய பெல்ட்ட வெளிச்சத்துல புடிச்சிப் புடிச்சிப் பாத்தாரு. இது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், ஒரு நொடி போதும், தள்ளிப் போடக் கூடாதுன்னு எனக்கே பாடம் எடுத்தாரு. ஏன் கேக்குறே?"

ஒன்றுமில்லை என்றேன்.

தள்ளிப் போடக் கூடாதாம்!

15 ஜனவரி

இனிமே உன்கூடப் பேச்சு இல்ல. கபருக்கும் வரமாட்டேன். நீயாச்சு உன் மண்ணாச்சு.

மத்தியானம் பெக்கிர் வந்தார். சிவாஸ் வரைக்கும் வேலை இருக்கிறதாம், ஒரு வாரத்துக்குக் கார் வேண்டுமாம். சாவியைத் தூக்கி எறிந்தேன். "எடுத்துட்டுப் போங்க. எக்கேடோ கெட்டுப் போகட்டும்."

பெக்கிர் குனிந்து பொறுக்கிக்கொண்டார். பக்கத்திலிருக்கும் அவர் வீட்டு வாசலிலிருந்து புறப்படும்போது, நல்லபடியாகத் திரும்பி வரட்டும் என்று அவர் பெண்டாட்டி ஹாத்துன் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிய இடத்திலேயே உறைந்துவிட்டது.

22 ஜனவரி

வந்துவிட்டது. வீட்டுக்குள் இருக்கும்போதே சத்தம் கேட்டது — தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குகிற மாதிரி. புகை கன்னங்கரேலென்று. பெக்கிர் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே வராமலே போனார். டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிற மனுஷன் இல்லை அவர்.

24 ஜனவரி

உஸ்தா கயிறு கட்டி இழுத்துப் போனார். டேங்கிலிருந்து ஒரு பாட்டிலில் எடுத்துக் காட்டினார். சாக்கடை நிறம், கருகிப்போன பொரித்த எண்ணெய் நாற்றம்.

"பத்தாம் நம்பர் எண்ணெய்" என்றார்.

எனக்கும் தெரியும். ரோட்டோரத்தில் டின்னில் விற்பார்கள். பழைய எண்ணெய், கழிவு எண்ணெய் எல்லாம் கலந்தது. லாரிக்காரர்கள் டீசலுக்குப் பதிலாக ஊற்றிக்கொள்வார்கள்.

"பழைய லாரி இஞ்சின் இதைத் தின்னுட்டு ஏப்பம் விடும். இது அப்படி இல்ல தங்கச்சி. இன்ஜெக்டர் ஓட்டை தலைமயிரை விடச் சின்னது. பம்பு அரைபட்டு இரும்புத் தூளா எல்லாத்துலயும் போயிருக்கு. ஒரு இன்ஜெக்டர் மூடாம ஒழுகி, மூணாவது பிஸ்டன்ல பொத்தல் விழுந்துருச்சு."

"சரி பண்ண முடியுமா?"

உஸ்தா கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

25 ஜனவரி

பெக்கிர் பட்டறையில் எல்லார் முன்னாலும் சொன்னது: "செத்தவரப் பத்திப் பேசக் கூடாது. ஆனா இதை ஊத்திக்கிட்டிருந்தது அண்ணன்தான். பல மாசமா. அண்ணிக்குத் தெரிய வேணாம்னு என்கிட்ட சொன்னாரு."

ஆம்பளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தரையில் சிந்திய ஆயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டேன்.

26 ஜனவரி, வியாழன்

சந்தை நாள். இந்த வாரமும் மாவு பிசையவில்லை.

இருக்குமோ? ஆஸ்பத்திரி விஷயத்தில் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்ன மனுஷன் இதில் சொல்ல மாட்டாரா? இந்த மனுஷனிடம் நான் நம்பினது ஒன்றே ஒன்று — அந்த வண்டியை வைத்துக்கொண்ட விதம். மத்ததெல்லாம் சரியில்லாத ஆளாக இருந்தாலும் அதில் சுத்தம். அதையும் பிடுங்கிக்கொண்டால் முப்பத்தொரு வருஷம் நான் யாரோடு இருந்தேன்?

27 ஜனவரி

கொட்டகை, பரண், விறகுக்குப் பின்னால் — எல்லா இடமும் தேடினேன். டின் எதுவும் இல்லை. இல்லை என்பதால் என்ன?

2 பிப்ரவரி

பெக்கிர் தூங்குகிற நேரம் பார்த்து ஓரகத்தி ஹாத்துன் வந்தாள். தலைத்துணியைக்கூடச் சரியாகக் கட்டவில்லை. உட்காரவும் இல்லை.

"அக்கா, எங்க மாட்டுக் கொட்டாயில ரெண்டு டின்னு இருந்துச்சு, டிராக்டருக்குன்னு. சிவாஸ் போன அன்னிக்கு அதுல ஒண்ணைத் தூக்கி உங்க வண்டியில வச்சாரு. என் கண்ணால பாத்தேன். பாத்துக்கிட்டேதான் பின்னாலயே தண்ணியும் ஊத்துனேன்."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"உங்க புருஷன் செத்துட்டாரு. எம் புருஷன் இருக்காரே!" என்றாள். அப்புறம் அவளே, "ரிஃபாத் மச்சான் டீசல் ஊத்துறதப் பாத்திருக்கேன்கா. துணி வச்சி வடிகட்டி, மூடியத் துடைச்சி... நான் புள்ளைக்குப் பால் குடுத்ததுகூட அவ்வளவு பக்குவமா இல்ல" என்றாள்.

சிரித்துவிட்டேன். நவம்பருக்கு அப்புறம் முதல் தடவை. அது அழுகையாகத்தான் முடிந்தது.

அவர் இஞ்சினிடம் பொய் சொன்னதில்லை. என்னிடம்தான்.

5 பிப்ரவரி

காலியான டின்னை ஹாத்துன் எடுத்துத் தந்தாள். பட்டறைக்கு எடுத்துப் போனேன். பெக்கிர் அடுப்பருகே நாலு பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். டீத் தட்டுக்குப் பக்கத்தில் டின்னை வைத்தேன்.

"இது உங்க கொட்டாயில இருந்துச்சு கொழுந்தனாரே. ஜோடி டின்னு அங்கயே நிக்குது. யாருக்காவது சந்தேகம்னா போய்ப் பாக்கலாம்."

உஸ்தா அரவை மெஷினை நிறுத்தினார். பெக்கிர் காது சிவந்துபோனது.

"குளிர்ல டீசல் உறைஞ்சிரும்னு..." என்று ஆரம்பித்தார்.

"உறைஞ்சா உறையட்டும். உங்க அண்ணன் மேல ஏன் ஊத்துனீங்க?"

வீடு வரும்வரை நிற்கவில்லை.

6 பிப்ரவரி

ஹாத்துன் கன்னத்தில் தடம். அடுப்படி வாசலில் இடித்துக்கொண்டாளாம். நான் சொன்ன வார்த்தைக்கு அவள் வாங்கியிருக்கிறாள். ரெண்டு நாள் என் வீட்டில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

21 பிப்ரவரி

பெக்கிர் வாடகை பிக்கப்பில் ஒரு இஞ்சின் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார். சிவாஸில் பழைய சாமான் கடையில் எடுத்தது. பின்னால் அடிபட்டு நசுங்கிய வண்டியுடையது, தொண்ணூற்றாறாயிரம் ஓடியது. ஊர் வாய்க்குப் பயந்து செய்ததுதான், தெரியும்.

வாசலில் நின்று, "இஞ்சின் வந்திருக்கு" என்றார். வேறு வார்த்தை இல்லை. நானும் சொல்லவில்லை.

1 மார்ச்

பம்பு, பைப்பு, டேங்க் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, புது பெல்ட் போட்டுத்தான் பூட்டினார் உஸ்தா. பழைய இஞ்சினை இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டு போகுமுன் பிஸ்டனைக் காட்டச் சொன்னேன். பொத்தலில் என் சுண்டுவிரல் நுழைந்தது. எடுத்து வைக்கட்டுமா என்றார் உஸ்தா. வேண்டாம் என்றேன்.

9 மார்ச்

நெர்மின் வந்து காரில் தன் பங்கை எனக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டரி ஆபீஸ் பையன் என்னைப் பார்த்து, "கையெழுத்தா, கைநாட்டா?" என்றான். போட்டேன், பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி. வண்டிப் புத்தகத்தில் இப்போது புது இஞ்சின் நம்பர், என் பெயர்.

"நிஜமாவே ஓட்டப் போறியாம்மா?" என்றாள் நெர்மின். சிரிக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

19 மார்ச்

களத்துமேட்டில் பழகினேன். பதினோரு தடவை அணைந்தது. ஹாத்துன் பக்கத்து சீட்டில் கதவைப் பிடித்தபடி.

"அக்கா, மாடு!"

"தெரியுது."

"உங்களுக்குத் தெரியுது. மாட்டுக்குத் தெரியுமா?"

2 ஏப்ரல்

கபருக்குப் போனேன். புல் முளைத்திருக்கிறது. பேசத்தான் போனேன். கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, புல்லைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

27 ஏப்ரல், வியாழன்

இது நாலாவது சந்தை. இப்போதெல்லாம் ஹாத்துன் திரட்டுகிறாள், நான் சுடுகிறேன், ரெண்டு பேருமாக விற்கிறோம்.

காலையில் ஊர் எல்லை பஸ் நிறுத்தத்தில் பெக்கிர் நின்றார், கையில் ரெண்டு மூட்டை. எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். பின் சீட்டில் இடம் இருந்தது. வேகத்தைக் குறைத்தேன், ரெண்டாவது கியருக்கு வந்துவிட்டேன்.

ஹாத்துன் அவரைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த ரொட்டிக் கூடையைச் சரிசெய்துகொண்டு நேராக ரோட்டைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு பஸ் இருக்கு அவருக்கு" என்றாள்.

மூன்றாவது போட்டேன்.