வலது கை எழுத வேண்டும்

எத்தனை கோபம் இருந்தாலும் எனக்கு அன்பாகவே கூப்பிட வருகிற என் அப்பாவுக்கு,

வீட்டுச் செய்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன். பேனாவைத் தொட்டதும் கோபம் வருகிறது. கோபம்தான், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பேத்தி கயல் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டுத் தேர்வில் கணக்கில் மட்டும் ஃபெயில். ரேங்க் கார்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே போய் ஆணியில் தொங்கிய உங்கள் ஓஸ் துண்டை எடுத்தேன்.

ஆமாம், இன்னும் வைத்திருந்தேன். மார்க்கையன்கோட்டை வாழைத் தோட்டத்தில் மோட்டாருக்குத் தண்ணீர்க் குழாயாகப் போட்டு மிஞ்சிய அதே கறுப்பு ஓஸ்தான். பழனிசெட்டிபட்டிக்கு வீடு மாறி வந்தபோது மாலை போட்ட உங்கள் போட்டோவுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே காட்டுவேன், "எங்கப்பா இதுலதான் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாக" என்று. அதில் சிரிக்க என்ன இருந்தது அப்பா?

உங்களுக்குக் கணக்குத் தெரியாது. புத்தகத்தின் கடைசிப் பக்க விடையோடு என் விடையை ஒத்துப் பார்க்க மட்டும் தெரியும். ஒத்துப்போகவில்லை என்றால் ஓஸ் இறங்கும். முதுகில் விழுந்தால் சட்டை தோலோடு ஒட்டிக்கொள்ளும். குறுக்கே வந்தால் அம்மாவுக்கும் விழும். பள்ளிக்கூடத்துக்கும் வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அவரும் உரித்தார்.

கையில் அடிக்கும்போது மட்டும் உங்களுக்கு ஒரு கருணை உண்டு. "ஏலே, இடது கைய நீட்டு. வலது கை எழுதணும்ல?" என்பீர்கள். அப்படி நீட்டித்தான் என் இடது சுண்டுவிரல் உடைந்தது. இன்றுவரை நிமிரவில்லை. இந்தக் கதையை நான் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கும் இடமும் அதுதான்.

அடிக்குப் பயந்து நான் என்ன படித்தேன் தெரியுமா? முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பேன். விடையைக் கீழே எழுதிவிட்டு, மேலே ஏதோ ஒரு வழியை ஜோடிப்பேன். ஒத்துப்போகும். நீங்கள் என் தலையைத் தடவிக் கொடுப்பீர்கள். பரீட்சையில் கடைசிப் பக்கத்துக்கு எங்கே போவேன்? ஃபெயிலானேன். அதற்கும் அடித்தீர்கள்.

இப்போது கேளுங்கள். நான் ஓஸை ஓங்கியதும் கயல் ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

"இதுல அடிங்கப்பா. வலது கையில எழுதணும்ல."

கேலி இல்லை அப்பா. பிள்ளையின் உதடு துடித்தது. ஓங்கிய கைக்கு எங்கேயாவது இறங்கியாக வேண்டியிருந்தது. சுவரில் அடித்தேன். உங்கள் போட்டோ விழுந்து கண்ணாடி நொறுங்கியது.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து தனம் ஓடி வந்தாள். நான் நின்ற கோலத்தைப் பார்த்தாள்.

"அவுக அடிச்சு நீங்க கணக்குல பாஸாயிட்டீகளாக்கும்?" என்றாள் உங்கள் மருமகள். விளக்குமாற்றை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கண்ணாடியைக் கூட்டி அள்ளிய பிறகு கயலின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிக் கிடந்தது. "ஏன்த்தா இப்படி அழிக்கிற?" என்று கேட்டேன்.

"தப்புத் தெரிஞ்சா அடிப்பாகல்ல?"

"யாரு?"

"யாராச்சும்."

அன்றே வீட்டிலிருந்த ரப்பரையெல்லாம் தூக்கி எறிந்தேன். தப்பை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே மறுபடி போட வேண்டும் என்று வைத்தோம். தினமும் காலையில் பள்ளி வேன் வருவதற்குள் கொஞ்சம் கணக்கு. பரீட்சைக்கு முந்தின நாள் மொத்தமாக உட்காருவது கிடையாது. செய்து காட்டிய கணக்கைக் கையால் மறைத்துக்கொண்டு அவளாகப் போடுவாள். திணறினால் ஒரு வரியை மட்டும் திறந்து பார்ப்பாள். கடைசிப் பக்கம் கடைசியில்தான்.

கோடு போட்ட தப்புகள் சேரச் சேர அவளுக்கே பிடிபட்டது. அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் நின்றால், உள்ளே முதலில் இருப்பதற்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிடுகிறாள். முக்கால்வாசிக் கணக்கை அந்த ஒரே தப்புதான் கெடுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் நோட்டை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். என்னுடைய தப்பும் அதேதான். இதற்கா அப்பா என் தோலை உரித்தீர்கள்?

வாழைத்தார் சுமந்து தோள் வீங்கி வருவீர்களே, படிக்காவிட்டால் நானும் சுமக்க வந்துவிடுவேன் என்ற பயமா? அதை வாயால் சொல்லியிருக்கலாமே.

அரையாண்டில் பாஸாகிவிட்டாள். பெரிய மார்க் இல்லை. ஓஸை அரிவாளால் துண்டு துண்டாக வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் வாய்விட்டுத் திட்டினேன், உங்களைத்தான். பிறகு உங்கள் போட்டோவுக்குப் புதுக் கண்ணாடி போட்டு மாட்டினேன். இரண்டையும் செய்தது இதே கைதான்.

பொதுத்தேர்வில் அவள் எவ்வளவு வாங்குவாள் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இதை மட்டும் கொடுக்கிறேன்: உங்கள் பேத்தி இனி அந்த இடது கையை என் முன்னால் நீட்ட வேண்டியிருக்காது.

சுண்டுவிரல் நிமிராத,
உங்கள் மூத்த மகன்