நானா மீனை விட்ட மடு

இந்தக் கொப்பி வேறு யார் கையிலாவது அகப்பட்டால், அல்லாஹ்வுக்காக மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். இது மௌத்தாகிப்போன என் அண்ணனுக்கு, என் நானாவுக்கு மட்டும்.

நானா, எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வீடு முழுக்கப் பொரித்த மீன் வாசம். என் தலையணையிலும்கூட.

கெலிஓயாவுக்குக் கீழே மகாவலி ஆறு வளைகிற மடுவுக்கு என்னை ஒரே ஒரு தடவை கூட்டிப் போனீர்கள், போட்டோ எடுக்க ஆள் வேண்டுமென்று. கழற்றும்போது மீனின் வாய் கிழியக் கூடாதென்று தூண்டில் முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கியிருந்தீர்கள். என் கை நீளத்துக்கு ஒரு கெண்டை. கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டீர்கள். ஒரே ஒரு போட்டோ. உடனே தண்ணீருக்குள் இறக்கி, நீரோட்டத்துக்கு எதிராக அதன் தலையைப் பிடித்தபடி, அது தெம்பாகும்வரை காத்திருந்தீர்கள்.

"இவ்வளவு பாடுபட்டுப் புடிச்சிட்டு விடுறீங்களே, பைத்தியமா நானா?"

"விட்டாத்தானே அடுத்த கெழமையும் புடிக்கலாம். இது முட்டை போட்டாத்தான் ஆத்துல மீன் ஈக்கும். எடத்த மட்டும் யாருக்கும் செல்லிராத."

மீன் உங்கள் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது.

நான் சொல்லவில்லை நானா. ஆனால் டெங்கு உங்களைக் கொண்டுபோன நாற்பதாம் நாள், உங்களுக்காகக் கத்தம் ஓதியன்று, அந்தப் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். நீங்கள் சிரிக்கிற படம் அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. பின்னால் பழைய பம்ப் ஹவுஸ் தெரிந்ததை நான் கவனிக்கவேயில்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு, வாப்பாவின் தம்பி சாச்சா ஒரு சாக்கை முற்றத்தில் கொட்டினார். பெரிது, சிறிது, விரலளவுக் குஞ்சுகள். ஒன்றின் வயிறு வெடித்து முட்டை வழிந்தது.

"போட்டோல பம்ப் ஹவுஸக் கண்டதும் எடம் வெளங்கிட்டு. தண்ணிக்குள்ள ஒரே வெடி! எல்லாம் மெதந்து வந்திச்சு!"

உம்மா அழுதுகொண்டே பொரித்தார். "எண்ட மகன் நின்ட எடத்து மீன்" என்று முதல் துண்டை என் பீங்கானில் வைத்தார். நானும் ஒரு வாய் தின்றேன் நானா. பிறகு கிணற்றடியில் வாந்தி எடுத்தேன்.

கை கழுவிக்கொண்டே சாச்சா என்னைப் பார்த்தார். "மேலால இன்னொரு மடு ஈக்கிதாமே? நானா ஒனக்குக் காட்டியிருப்பான். விடிய சுபஹுக்கு வாரேன், வந்து காட்டு."

"போய்க் காட்டு புள்ள," என்றார் வாப்பா. வாப்பா சொன்னதற்கு மறுப்பு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

மீனை விட்ட அன்று திரும்பும்போது மூங்கில்களுக்குப் பின்னால் அந்த மடுவையும் காட்டினீர்கள். நீங்கள் போனபிறகு அது எங்கே என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். படத்தைப் போட்டவளும் நான்தான்.

சுபஹு பாங்கு கேட்கிறது. தெரியாது என்று சொல்லப் போகிறேன். அடித்தாலும் தெரியாது என்றுதான். வாப்பாவின் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யை எப்படி…

கதவைத் தட்டும் சத்தம். வாப்பா…