காகம் எடுக்காத சோறு

ஜனவரி 6
கரையில் கடற்காகங்கள் செத்து ஒதுங்கிக் கிடக்கின்றன. வடக்கே எங்கோ பனிநாட்டில் இருந்து வருசாவருசம் எங்கள் சல்லிக் கிராமத்துக்கு வருபவை. ஊர்க் காகங்களுக்குக் கொண்டாட்டம். கொத்தித் தின்னட்டும், என் கருவாட்டை விட்டால் போதும்.

ஜனவரி 9
முற்றத்தில் ஒரு காகம் கழுத்தைத் திருகியபடி சுற்றிச் சுற்றி வந்து விழுந்து செத்தது. என் மனுசன் தர்சன் வெறுங்கையால் தூக்கிக் கருவாட்டுப் பரணில் தலைகீழாகக் கட்டினார். செத்த காகம் தொங்கினால் மற்றவை கிட்ட வராது. இங்கே எல்லாரும் செய்வதுதான். வழக்கமாக ஒன்று செத்தால் ஊர்க் காகமெல்லாம் கூடிக் கத்தும். இன்று ஒன்றுகூடக் கத்தவில்லை. ஏன்?

ஜனவரி 13
ஒரு மீன்கூடக் களவு போகவில்லை. சந்தோசப்படத்தான் வேண்டும். ஆனால் விடிய எழும்பினால், காகச் சத்தமில்லாமல் காது அடைத்த மாதிரி இருக்கிறது.

ஜனவரி 16
சுகாதாரப் பரிசோதகர் ஸெய்னுதீன் பரணைக் கண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். "தங்கச்சி, இதை ஆர் கட்டினது? பறவைக் காய்ச்சல். அந்தக் கடற்காகங்களோட வந்தது." கையுறை போட்டுத் தானே புதைத்தார். என் மனுசன் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஜனவரி 18
தை அமாவாசை. செத்த அப்பாவுக்காக இவர் விரதம். மதிலில் வைத்த சோற்றைக் காகம் எடுத்த பிறகுதான் சாப்பிடுவார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. பொழுதுபட்டும் சோறு அப்படியே. பட்டினியோட படுத்த மனுசனுக்கு இப்ப உடம்பு நெருப்பாக் கொதிக்குது. ஐயோ, நான் என்ன செய்யிறது —

ஜனவரி 19
ஆஸ்பத்திரியில் தனி அறை. கண்ணாடிக்கு வெளியேதான் நிற்கலாம்.

பெப்ரவரி 11
வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். எலும்பும் தோலுமாக வந்திருக்கிறார். பட்டினி கிடந்தால் உடம்பு தாங்காது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

பெப்ரவரி 17
மாசி அமாவாசை. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. "போன முறையும் அப்பா சாப்பிடேல்லை. நான் எப்பிடிச் சாப்பிடுறது?" மதிலில் சோற்று இலையை வைத்துவிட்டு, வாசலில் கதிரையைப் போட்டு அதையே பார்த்தபடி இருந்தார். ஊரில் ஒரு காகம் மிச்சமில்லை. மத்தியானம் தாண்டியதும் பசி மயக்கத்தில் இவருக்குத் தலை சாயத் தொடங்கியது.

கண் அயர்ந்த நேரம் பார்த்து மதிலுக்கு அப்பால் போனேன். இலையை இறக்கிக் குந்தியிருந்து, மாமாவுக்கு வைத்த எள்ளுச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றேன். பயம். கண்ணீரோடு விழுங்கினேன். வெறும் இலையைத் திரும்ப வைக்கும்போது 'கா' என்று ஒரு சத்தம். நான்தானே கத்தினேன்?

உள்ளே வந்தேன். இவர் விழித்திருந்தார்.

"காகம் வந்ததோ?"

"ஓம். வந்து திண்டிட்டுது."

என் உதட்டில் ஒட்டியிருந்த எள்ளைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட இருந்தார்.