நாலாவது சாவி

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய கம்ப்யூட்டர் பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கிறது. பதினெட்டு வருஷக் குறிப்பும் இதற்குள் அடங்குமா என்று உன் அண்ணி சிரித்தாள். பூட்டுக் கடையில் கதவுக் கீல் அட்டைகளுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத தட்டில் வைத்திருக்கிறேன். நீ சொன்னபடி ஒயர் மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டாய். எந்த வீட்டுக்கு எந்தப் பூட்டு, எத்தனை சாவி, எந்தக் கதவு லொடலொட, எல்லாம் என் குறிப்பில் இருக்கிறது. பழைய நோட்டில் இருந்ததையும் ஏற்றி, இத்தனை நாள் போனில் ஒரு கம்பெனியின் இலவச இடத்தில் எழுதி வந்தேன். போன மாதம், 'சேவையை மேம்படுத்த உங்கள் குறிப்புகளை நாங்கள் பார்வையிடலாம்' என்று ஓர் அறிவிப்பு. ஊரில் பாதி வாசலை எவனோ பார்வையிட நான் ஏன் எழுதி வைக்க வேண்டும்? இனி போனில் எழுதுவது நேரே இதற்குள் வந்துவிடும். சொந்தக் கடை, சொந்தப் பெட்டி. இது எனக்குப் புரிகிற சமாசாரம்.

ஒன்று மட்டும் சொல். இதற்கு எத்தனை சாவி?

அண்ணன்

ஜனவரி 20

அன்புள்ள அண்ணா,

ஒரே சாவிதான், நீ போட்ட பாஸ்வேர்ட். போதுமா?

கடை மூடும்போது மெயின் சுவிட்சை மட்டும் அணைக்காதே. அந்தப் பழக்கம் உன் கையில் ஊறிப்போனது, தெரியும். பெட்டி வேலை செய்யும்போது கரண்ட் போனால் குறிப்பெல்லாம் சிதைந்துவிடும். வாரம் ஒரு நகல் எடுத்து வீட்டில் வை.

உன் தங்கை

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

படித்துப் படித்துச் சொல்லியும் மெயினை அணைத்துவிட்டு, 'பெட்டி செத்துப் போச்சு' என்று போனில் என்னிடம் கத்தினாயே, நியாயமா? இங்கிருந்தே உயிர் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கமும் போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வலது கண்ணை இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடு. தள்ளிப்போடாதே.

உன் தங்கை

மார்ச் 12

தங்கைக்கு,

வலது கண்ணைப் பற்றி நான் உன்னிடம் சொல்லவில்லை. உன் அண்ணியிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் குறிப்பு எழுதினேன். அது போய்ச் சேர்ந்த இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான்.

நான் பூட்டு விற்கும் விதம் உனக்குத் தெரியும். மூன்று சாவியையும் வாங்குகிறவர் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து, அவரையே எண்ணச் சொல்லி, அப்புறம்தான் பூட்டைக் கொடுப்பேன். என் கூட்டாளி ஒரு வீட்டுக்கு நாலாவது சாவி வெட்டித் தன் இழுப்பறையில் வைத்திருந்தான். கேட்டால், "தொலைச்சுட்டு வந்து நிப்பாங்கண்ணே, அப்ப உதவுமேன்னுதான்" என்றான். கெட்ட எண்ணம் இல்லைதான். அன்றே பிரிந்தோம். அவனோடு பேசிப் பதினாறு வருஷம் ஆகிறது.

கம்பெனிக்காரனுக்குப் பயந்து உன்னிடம் வந்தேன். அவனாவது பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் பார்ப்பான்.

அண்ணன்

மார்ச் 21

அன்புள்ள அண்ணா,

தப்புதான். பழுதானால் உள்ளே வர எனக்கென்று ஒரு வழி விட்டிருந்தேன், உன்னிடம் மறைத்தேன். எழுத்து சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கத்தைத் திறந்தேன். நீ கடைசியாக எழுதியது மேலே இருந்தது. அதோடு மூடியிருக்க வேண்டும். இன்னும் நாலு பக்கம் படித்தேன்.

ஆபரேஷனை இரண்டு தடவை தள்ளிப் போட்டிருக்கிறாய். கண் தெரியாதவனிடம் எவன் பூட்டு வாங்குவான் என்று எழுதியிருக்கிறாய். ஏப்ரலைத் தாண்டினால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னதையும் நீயே எழுதியிருக்கிறாய். படித்ததைப் படிக்காததாக ஆக்க எனக்குத் தெரியவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் அண்ணியிடம் நீ சொல். இல்லையென்றால் நான் சொல்லுவேன். அந்தக் கூட்டாளியைப் போல என்னையும் அனுப்பிவிடு, பரவாயில்லை.

உன் தங்கை

ஏப்ரல் 3

தங்கைக்கு,

போன மாதம் முப்பதாம் தேதி கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரைக் கடைக்கு வரவழைத்து, பக்கத்தில் நின்று, நீ வரும் வழியை அடைத்தாயிற்று. அவரைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை நானே மாற்றினேன். எழுத்து தெரியாமல் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை அவர் திரும்பாமலே, "நான் அடிக்கட்டுமா சார்?" என்றார்.

அன்று பாதியில் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. டாக்டர் யார், என்ன தேதி என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். காபி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் எண்ணிக் கொடுக்கறீங்க. எனக்கு ஒண்ணுகூட இல்லையா?" என்றாள்.

பதினொன்றாம் தேதி ஆபரேஷன். நான் வரும்வரை கடையும் பெட்டியும் அவள் பொறுப்பு. மெயின் சுவிட்சின் மேல் 'கையை எடுங்கள்' என்று அட்டை எழுதி ஒட்டிவிட்டாள். பாஸ்வேர்டை உறையில் போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறேன். இதுவரை பிரிக்கவில்லை.

நீ சொன்னது சரி. பார்த்தது தப்பு. அது சரியானதால் இது சரியாகிவிடாது. பெட்டியின் சாவி உனக்கு இனி கிடையாது, கேட்காதே.

கட்டுப் பிரித்ததும் என் கையாலேயே எழுதுகிறேன். வரி கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அதைப் படிக்க உனக்குச் சாவி வேண்டாம். உறையைக் கிழித்தால் போதும்.

அன்புடன்,
அண்ணன்