எண்பெட்டிக்கு முன்னால் அவனை நிறுத்தினேன்

பட்டறைக்குள் இன்னமும் சுருட்டு மணம் நிற்கிறது. யன்னல்களைத் திறந்துவிட்டேன். வாவிக் காற்று முழுக்க உள்ளே வரட்டும் என்று கதவையும் அகலத் திறந்து வைத்தேன். போகிறதாயில்லை. நீங்கள் சுருட்டுப் பிடித்ததில்லை. நம்முடைய வீட்டில் ஆரும் பிடித்ததில்லை. இது அவனுடைய மணம். பக்கத்து ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தவன், நீங்கள் வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிட்டவன், இன்று காலை இங்கே வந்துவிட்டுப் போனான். என்ன நடந்தது என்று உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. அதனால் எழுதுகிறேன்.

உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். பிடிக்காவிட்டாலும் கேளுங்கள்.

சமாதானக் காலத்தில் கட்டாரிலிருந்து வந்தீர்கள். நான் சேலை தேடிப் பெட்டியைக் கிளறினேன். சேலையும் இருந்தது, அடியில். அதற்கு மேல் உங்கள் துவாய்களையும் சேட்டுகளையும் சுற்றி, பிள்ளையைப் போல் படுக்க வைத்திருந்தீர்கள், நீளமான அலுமினியச் சட்டங்கள் இரண்டை. நான் ஒன்றைத் தூக்கியதும் உங்களுக்கு உயிர் போனது.

“மெதுவா புள்ள, மெதுவா! உள்ளுக்கு இரிக்கிறது கண்ணாடி.”

“சேலையைச் சுத்திக் கொண்டு வந்திரிக்கலாமே, இன்னும் பத்திரமா இரிந்திரிக்கும்” என்றேன். நீங்கள் அதை நல்ல யோசனையென்று எடுத்துக்கொண்டு தலையாட்டினீர்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா?

நம்முடைய மில்லிங் மெசின் கொழும்பில் ஆரோ கழித்துவிட்ட பழையது. இரும்பை இறுக்கி வைக்கிற அதன் மேசையை நகர்த்தும் திருகு தேய்ந்து போயிருந்தது. கைபிடியைச் சுற்றினால் மேசை உடனே அசையாது, கொஞ்சம் சும்மா சுற்றிய பிறகுதான் அசையும். கைபிடியில் பொறித்த எண்ணை நம்பித் துளை போட்டால் துளை வேறிடத்தில் விழும். நீங்கள் கொண்டுவந்த சட்டத்தை, அந்தக் கண்ணாடி ஸ்கேலை, மேசையிலேயே பூட்டினால், திருகு என்ன பொய் சொன்னாலும் மேசை உண்மையில் நகர்ந்த தூரத்தை, கூட வந்த சின்ன எண்பெட்டியில் சிவப்பு எண்ணாகக் காட்டும். இதை எனக்கு விளங்கப்படுத்த நீங்கள் பட்ட பாடு! கடைசியில் அகப்பையையும் பானையையும் வைத்துக் காட்டினீர்கள்.

பூட்டுகிற வேலை ஒரு கிழமைக்கு மேல் போனது. மேசையின் முதுகில் துளையிட்டு மரை வெட்டினீர்கள். பழைய இரும்புக் கட்டிலின் காலை அறுத்துத் தாங்கிகள் செய்தீர்கள். ஸ்கேல் மேசையோடு நேர்கோட்டில் நிற்கவேண்டும், ஒரு நுனி மயிரளவு சரிந்தாலும் உள்ளே கண்ணாடி உரசும் என்றீர்கள். சரிவைக் காட்டுகிற டயல் கேஜின் ஊசியைப் பார்ப்பது என் வேலை.

“ஊசி அசையுதா?”

“அசையுது.”

“எந்தப் பக்கம்?”

“உங்கட பக்கம்.”

பால்மா ரின்னை வெட்டி, அந்த மெல்லிய தகட்டைத் தாங்கிக்குக் கீழே செருகுவீர்கள். மறுபடி கேட்பீர்கள். அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்தாலும் என்னை விடமாட்டீர்கள். கடைசியில் ஊசி ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அசையாமல் நின்றது. சைக்கிள் ரியூப்பை வெட்டி எண்ணெயும் இரும்புச் சீவலும் உள்ளே போகாமல் மறைப்புப் போட்டீர்கள். பெட்டிக்குக் கரண்ட் கொடுத்ததும் சிவப்பாய் எண்கள் விழுந்தன. நான் கைதட்டினேன், வெட்கப்படாமல்.

அப்போதே உங்களுக்கென்று ஒரு வழக்கம் வந்தது. துளை விழவேண்டிய இடத்தைப் பூச்சியமாக வைத்துக்கொள்வீர்கள். மேசை அந்த இடத்தை நெருங்க நெருங்க எண் குறைந்து வரும். பூச்சியம் வந்ததும் நிப்பாட்டித் துளை போடுவீர்கள். “கூட்டிக் கழிக்கிற கரைச்சல் இல்ல புள்ள. பூச்சியம் வந்தாச் சரி.” நல்ல வழக்கம்தான். அதுதான் உங்களைக் கொண்டுபோனது.

அந்த வழக்கத்தை ஏன் அவனுக்குக் காட்டினீர்கள்? அவன் சும்மா பார்க்க வந்தவன். துளை சரியாய் விழவேண்டிய வேலையெல்லாம் நம்மிடம் வரத் தொடங்கியதால் அவனுக்கு வயிறு எரிந்தது. எனக்கு அது அவன் வாசலில் நின்ற நிலையிலேயே தெரிந்தது. உங்களுக்குத் தெரியவில்லை. கதிரை எடுத்துப் போட்டு, என்னைத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி, பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தி, “பாருங்க அண்ணன், குறைஞ்சு குறைஞ்சு பூச்சியத்துக்கு வரும்” என்று சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமான் காட்டுவதுபோல் காட்டினீர்கள். அவன் சுருட்டை வாயிலிருந்து எடுத்து, “நல்ல சாமான் தம்பி” என்றான்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. படுவான்கரைப் பக்கம் செல் விழுகிற சத்தம் வாவி தாண்டிக் கேட்டது. சனம் மூட்டை முடிச்சோடு இந்தக் கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களில் கிடந்தது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் ஆமி வந்தது. வேறு வீடு ஒன்றுக்கும் போகவில்லை. நேராய்ப் பட்டறைக்கு வந்தார்கள். நம்முடைய ஊரில் அன்று கரண்டும் இல்லை, பெட்டி செத்துக் கிடந்தது. வயரைக் கத்தியால் அறுத்துப் பெட்டியையும் கொண்டுபோனார்கள், உங்களையும் கொண்டுபோனார்கள்.

காம்ப் வாசலில் நான் நின்ற நாட்களைப் பற்றி எழுதமாட்டேன். உங்களை விட்டது எப்படி என்பதை நீங்கள்தான் சொன்னீர்கள். மெசின் வேலை படித்த பெரிய ஆள் ஒருவன் எங்கிருந்தோ வந்து பெட்டியைப் பார்த்தானாம். இது அளவு பார்க்கிற சாமான் என்று சொல்லிச் சிரித்தானாம். அவன் சிரித்து முடிந்ததும் உங்களை விட்டார்கள். பெட்டியை ஒரு சொப்பிங் பையில் போட்டுத் தந்தார்கள். நீங்கள் அந்தப் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்தீர்கள், ஏனென்றால் விரல்கள் எதையும் பிடிக்கவில்லை.

அந்த விரல்கள் பிறகு ஒருநாளும் மடங்கவில்லை. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தது நான். சேட்டுக்குப் பொத்தான் போட்டதும் நான். இதையெல்லாம் நீங்கள் மறக்கச் சொன்னீர்கள். நான் எதை மறக்க?

பெட்டியை இரண்டாம் தரம் பூட்டியது என் கை. நீங்கள் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, அறுந்த வயர்களை நிறம் பார்த்துச் சேர்த்து ஈயம் வைத்தேன். பச்சையோடு பச்சை, வெள்ளையோடு வெள்ளை. கையைச் சுட்டுக்கொண்டு கத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள், வந்த பிறகு முதல் தரமாக. எண்கள் திரும்பவும் விழுந்தன. நான் கைபிடியைச் சுற்றினேன். நீங்கள் எண்ணைப் பார்த்துச் சொன்னீர்கள். எண் குறைந்து வந்தபோது உங்கள் முகம் மாறியது.

“இது பூச்சியத்துக்கு வந்தா எந்தக் காம்ப் வெடிக்கும் எண்டு கேட்டாங்கள் புள்ள. திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டாங்கள்.”

நான் கைபிடியை விட்டுவிட்டேன். “எண் குறையுறது அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? அவங்க வரக்குள்ள கரண்ட் இல்லையே. பெட்டியில ஒரு எண்ணும் இல்லையே.”

நீங்கள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினீர்கள்.

“ஆருக்குக் காட்டினீங்க?”

“விடு புள்ள. எல்லாருக்கும் பயம் புடிச்ச காலம்.”

அதோடு உங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். அந்தக் கேள்வி எனக்கு வேண்டாம் என்று நினைத்தீர்கள். அவர்கள் உங்களிடம் கேட்ட கேள்வியிலேயே பதில் கிடந்தது. இந்தப் பெட்டி பூச்சியத்தை நோக்கி ஓடுவதை நாமிருவரும் பார்த்தோம். மூன்றாவதாக ஒருவன்தான் பார்த்தான்.

உங்களுக்காகத்தான் நான் பொறுத்தேன். நீங்கள் எண் சொல்ல நான் கைபிடி சுற்ற, வருசக் கணக்கில் வேலை செய்தோம். அதில் சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் தெருவில் போகிறபோதெல்லாம் நீங்கள் அந்தக் கையையே தூக்கி அண்ணன் என்று கூப்பிடுவீர்கள். எனக்குப் பற்றி எரியும். நீங்கள் போன அன்று அவன் வந்து உங்கள் பாடைக்குத் தோள் கொடுத்தான். நான் ஒப்பாரி வைத்ததாக ஊர் நினைத்தது. ஒப்பாரிக்குள் அவனை மண்ணள்ளித் தூற்றியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன கிழமை அவன் உடைந்த தகடு ஒன்றோடு வந்தான். எஞ்சினையும் தண்ணீர்ப் பம்பையும் சேர்க்கிற தகடு. அவன் மகன் படுவான்கரை வட்டை வயலில் செய்த வேளாண்மை தண்ணீரில்லாமல் வாடுகிறதாம்.

“ரவுண் பட்டறையில ஒருத்தனும் இப்ப ஏலாது எண்டுறான் தங்கச்சி. நீதான் பார்த்துச் செய்து தரவேணும்.”

“செய்வம் அண்ணன்” என்றேன். “சனிக்கிழமை காலையில வாங்க. தகடு பாரம், மகனையும் கூட்டிக்கொண்டு வாங்க.”

இடைப்பட்ட நாட்களில் என்ன யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் போதும். பம்ப் ஆடும், பேரிங் தேயும், பயிர் பூக்கிற நேரம் எஞ்சின் இறுகி நிற்கும். ஆசையாய்த்தான் இருந்தது. ஆனால் இந்த மெசினிலிருந்து பிழையான வேலை ஒன்று வெளியே போனால் அது உங்கள் பெயரில் விழும். அவனுக்காக உங்கள் பெயரை நான் கெடுப்பேனா?

இன்று காலை அவன் வந்தான். மகன் மோட்டார் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வாசலில் நின்றான். நல்ல பிள்ளை. உங்களை மாமா மாமா என்று சுற்றியவன். நான் தகட்டை மேசையில் இறுக்கி, உங்கள் வழக்கப்படி முதல் துளைக்குப் பூச்சியம் வைத்தேன்.

“எனக்கு இப்ப கண் மங்கல் அண்ணன். அந்தப் பெட்டிக்கு முன்னால நிண்டு எண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. நான் சுத்துறன்.”

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அவன் நின்றான். சுருட்டை வாயில் வைத்தபடியே சொல்லத் தொடங்கினான். இருபது. பதினைஞ்சு. ஒன்பது. நாலு. நான் மெல்லத்தான் சுற்றினேன். பூச்சியம் என்று சொன்னதும் துளை போட்டேன். அடுத்த துளைக்கு அவன் குரல் இறங்கியது. மூன்றாவது துளையில் “ரெண்டு… ஒண்டு…” என்று சொல்லிவிட்டு நின்றுபோனான்.

“என்ன அண்ணன், பூச்சியம் வரல்லையா?”

நான் கைபிடியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினேன்.

“பூச்சியத்துக்கு வந்தா என்ன நடக்கும் எண்டு அவங்களிட்டச் சொன்னீங்க?”

சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். நீங்கள் சொல்லாததை அவனே சொன்னான்.

“நான் வெடி எண்டு சொல்லல்ல தங்கச்சி. சத்தியமா வெடி எண்டு சொல்லல்ல. எண் குறையுது எண்டு மட்டும்தான் சொன்னன்.”

வாசலில் நின்ற பிள்ளைக்குக் கேட்டது. கேட்கவேண்டும் என்றுதான் அவனை வரச் சொன்னேன். “அப்பா, மாமாட கை… நீங்களா?” என்று கேட்டான்.

“இன்னும் துளை கிடக்கு அண்ணன்” என்றேன். “பெட்டியப் பாருங்க. பாத்துச் சொல்லுங்க.”

சொன்னான். அழுதுகொண்டு சொன்னான். கடைசித் துளைவரை ஒவ்வொரு எண்ணையும் சொல்ல வைத்தேன். ஒவ்வொரு பூச்சியத்துக்கும் உங்கள் விரல் ஒன்றை நினைத்துக்கொண்டேன். தகட்டைத் துடைத்து மகனின் கையில் கொடுத்தேன். பிழையில்லாத வேலை. பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல், “போயிற்று வாறன் மாமி” என்றான். தகட்டைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். “மகன், நில்லு மகன்” என்று கத்திக்கொண்டு கிழவன் தெருவுக்கு ஓடினான். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. கிழவன் கொளுத்துகிற வெயிலில் நடந்துதான் போனான். வளைவு தாண்டி மறையும்வரை வேலியடியில் நின்று பார்த்தேன்.

பிறகு எனக்கு நல்ல பசி எடுத்தது. நீங்கள் போன நாளிலிருந்து இப்படிப் பசித்ததில்லை. மீன் ஆணம் வைத்து, சோற்றில் ஊற்றி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மனசு ஆறிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஆறவேண்டும் என்ற எண்ணமும் எனக்கில்லை. நீங்கள் அவனை மன்னித்துவிட்டுப் போனீர்கள், அது உங்கள் குணம். நான் உங்கள் மெசினை வைத்திருக்கிறேன், என் கோபத்தையும் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் எண்ணெய் போட்டுத்தான் வருகிறேன். இந்தக் கரையில் இந்த வேலைக்கு வேறு ஆளில்லை. என்றைக்காவது ஏதாவது உடைந்து அவன் திரும்பவும் வந்து நிற்பான். சரியாய்ச் செய்து கொடுப்பேன். அன்றைக்கும் எண்ணை அவன்தான் சொல்லவேண்டும்.