எத்தனை வருஷம் ஓட வேண்டும்

சித்தூர்,
ஞாயிறு, ஆராதனைக்குப் பின்.

அன்பு மகன் ஜெர்ரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய சமாதானம் உன்னோடும் நீ குடியிருக்கும் வீட்டோடும் தங்குவதாக. ஆக்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய், காதை மூடாமல் வெளியே போகாதே. இங்கே நான் சுகம். இருவரும் சுகம் என்று எழுதுவதே வழக்கம். ஆனால் அம்மாவைக் குறித்து அந்தச் சொல்லை எழுதினால் அது உண்மைக்கு மாறான வாக்குமூலம் ஆகும் என்பதால் எழுதவில்லை. இதைப் போனில் சொல்லாமல் தபாலில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் அம்மாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுகிறாள், நாம் பேசும்போதும் பக்கத்திலேயே இருக்கிறாள்.

காருக்கு டயர் மாற்றும் விஷயத்தில், புதுசு வாங்குங்கப்பா, இதுல என்ன யோசனை என்று நீ கேட்டாய். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சென்ற மாதம் அம்மாவுக்கு டயாலிசிஸ் முடிந்து திருப்பதியிலிருந்து திரும்பும்போது, பாகாலாவுக்கு முன்னால் மாங்காய் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னே வந்துகொண்டிருந்தேன், பள்ளம் கண்ணில் படவில்லை. முன்சக்கரம் இறங்கி ரிம் வளைந்துபோயிற்று. நான் ஸ்டெப்னி மாற்றி முடிக்கும்வரை அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு சோதித்ததில் மற்ற ரிம்களும் துருப்பிடித்துக் காற்றை விடுகின்றன, டயர்களும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கின்றன என்று தெரிந்தது. வாரத்தில் மூன்று முறை அந்தச் சாலையில் அவளை அழைத்துச் செல்கிறவன் இதைத் தள்ளிப்போட முடியாது.

திருப்பதியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முனிரத்தினம் என்பவர் பழைய சக்கரங்கள் விற்கிறார். புதுக் கார் வாங்கியவுடன் அலாய் சக்கரம் போட்டுக்கொள்கிறவர்கள் கழற்றிப் போடுவதை டயரோடு வாங்கி வைத்திருப்பார். நம் வண்டிக்குப் பொருந்தும் ஒரு செட் இருந்தது. என் சுபாவம் உனக்குத் தெரியும். டயரில் அச்சிட்ட வாரமும் வருடமும் பார்த்தேன், எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டேன், டயரை ரிம்மிலிருந்து பிரிக்கச் சொல்லி உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்தேன், ரிம்மை மெஷினில் சுற்றவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று கவனித்தேன். முனிரத்தினம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னா லாயர் சார், டயரைக் கூண்டுல ஏத்தி குறுக்கு விசாரணை பண்றீங்க, அது இன்னா கொலையா பண்ணிக்கீது என்றார். காருக்குள் இருந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகிறது. டயர்களில் குறை எதுவும் இல்லை. ஏதாவது ஒரு வெட்டு, ஒரு ஒட்டு இருக்கக்கூடாதா, அதைச் சொல்லி மறுத்துவிடலாமே என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதை உன்னிடம் மறைக்கவில்லை.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நீங்க ஓட்ற ஓட்டத்துக்கு இது ஒரு வருஷம் தாராளமா வரும் சார், புதுசுன்னா அஞ்சு வருஷம், உங்களுக்கு எத்தினி வருஷம் ஓடணும் அத்த சொல்லுங்க என்றார். கடைக்காரர் கேட்க வேண்டிய நியாயமான கேள்விதான். விபத்து வழக்குகளில், இறந்தவரின் வயதைக் கொண்டு எத்தனை ஆண்டு வருமானத்தைக் கணக்கில் எடுப்பது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. அறுபத்து மூன்று வயதுக்கு ஏழு. யார் யாருடைய வீட்டாருக்காகவோ அந்த ஏழைப் பிடித்துக்கொண்டு தொண்டை வறள வாதாடியிருக்கிறேன். அம்மாவுக்கு இப்போது அறுபத்து மூன்று. டாக்டர் எந்த எண்ணும் சொல்லவில்லை. இருதயம் பலவீனமாகிவிட்டது, டயாலிசிஸைத் தாங்கும்வரை தாங்கும் என்று மட்டும், அதுவும் அவளை வெளியே அனுப்பிவிட்டு, என்னிடம் சொன்னார்.

நான் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டேன். அம்மா கார்க் கண்ணாடியை இறக்கி அவரிடம், ஒரு வருஷம் ஓடினா போதும்பா, பழசையே போடு என்று, காய்கறிக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். நான் யோசித்துச் சொல்வதாக வாய்தா வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். வழியில், மழைக்காலம் வருகிறது, சாலை வழுக்கும், புதுசே பாதுகாப்பு என்று எனக்குத் தெரிந்த வாதங்களை எல்லாம் எடுத்து வைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, புதுசு போட்டீங்கன்னா அது எனக்கில்லீங்க, நான் போனப்புறம் நீங்க ஒண்டியா ஓட்டிக்கினு போறதுக்கு, அத்த பார்த்துக்கினே நான் ஆஸ்பத்திரிக்குப் போவணுமா என்றாள்.

ஜெர்ரி, பழசை வாங்கியிருந்தால் அந்த ஒரு வருஷத்துக்கு நானும் சம்மதித்து ஒப்பமிட்டதாக ஆகியிருக்கும். ஆகவே அடுத்த முறை அவள் டயாலிசிஸில் படுத்திருந்த நேரத்தில் வண்டியை முனிரத்தினத்திடம் கொண்டுபோனேன். அவரிடம் பார்த்து வைத்த அந்தப் பழைய ரிம்களில் புது டயர்களை ஏற்றச் சொன்னேன். புது டயரில் ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும், அதை மழித்துவிட்டுச் செம்மண் தண்ணீரைப் பூசச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பழச புதுசுன்னு விக்கிறவன எவ்ளோ பேர பார்த்துக்கிறேன் சார், புதுச பழசாக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான் என்றார். பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நீ கேட்டபடி பழசே போட்டாயிற்று என்று அம்மாவிடம் சொன்னேன். உனக்குப் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்வித்தவளிடம் இப்படிச் சொன்னேன்.

அவள் களைத்திருந்தும் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, ஒவ்வொரு டயரையும் தடவிப் பார்த்தாள். பழசுன்னாலும் நல்லாத்தான் கீது என்றாள். வழி நெடுக மாம்பழக் கூறுகள். அவளுக்கு மாம்பழம் ஆகாது என்று டாக்டர் விலக்கியிருக்கிறார். நிறுத்தச் சொல்லி ஒரு பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, எனக்கென்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பாகாலா அருகே அந்தப் பள்ளத்தை நான் ஒதுக்கி ஓட்டியபோது, மூடியிருந்த உள்ளங்கையைத் திறந்து, சில்லறை போடும் தட்டில் எதையோ வைத்தாள். கறுப்பாக ஒரு ரப்பர் முடி. பிளேடுக்குத் தப்பியது. சாலையைப் பார்த்தபடி, ஜெர்ரி எப்ப வரான் என்று மட்டும் கேட்டாள்.

டயர்கள் ஐந்து வருஷம் ஓடும். யாரை ஏற்றிக்கொண்டு ஓடும் என்று ஒவ்வொரு காலையும் வண்டியைத் துடைக்கும்போது எண்ணுகிறேன். ஜெபத்திலும் இப்போதெல்லாம் எனக்கு வார்த்தை வருவதில்லை. நீ கிறிஸ்துமஸுக்கு விடுப்பு கேட்டிருப்பதாகச் சொன்னாய். அதுவரை என்று என்னால் எந்த உறுதியும் தர இயலாது. வாய்தா வாங்காதே, முன்னதாகவே வா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. போனில் டயர் பேச்சை எடுக்காதே. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதை நான் கவனிக்காதவனாகவே இருக்கிறேன், அப்படியே இருக்கட்டும். சென்னையில் இறங்கும் நாளைத் தெரிவி. வண்டியோடு வந்து நிற்கிறேன், அம்மாவும் வருவாள். டயர் தாங்கும்.

உன் அன்புத் தந்தை,
தனராஜ்