சாயம் போகாத ஒரு முழ நூல்

மச்சான்,

நேற்று உன் காரியத்துச் சாப்பாட்டில், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே தெருக்கோடி ஜரிகைக்காரர் சொன்னார்: "நல்ல மனுசன்பா. இன்னா பண்றது, குடி வாரிக்கினு போயிடுச்சு."

எனக்கு இலையிலிருந்து கை எழவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த உன் தங்கை, அதான் என் வீட்டுக்காரி, வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். காமாலை வந்து செத்தவன் எல்லாம் குடிகாரனா? அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து இந்தத் தெருவில் வேறு யாருக்கும் கண் மஞ்சளாகவில்லையா? வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தால், கம்பத்தில் முடிந்து வைத்திருந்த ஒரு முழ நூல் கண்ணில் படுகிறது. தேன் நிறம். நீ கொடுத்தது.

சாராயக் கடைகளைத் திறந்துவிட்டுக் கொஞ்ச வருசத்தில் மறுபடி மூடினார்களே, அந்த நடுவில் நடந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிராந்திக் கடை வந்தது. அதில் ஒரு விஸ்கி, கூலிக்காரனும் வாங்கக்கூடிய விலையில். லேபிளில் கதிர் படம். "கோதுமைன்னு நெனச்சியா? இது 'ரை'ங்கிற சீமைத் தானியம்பா" என்று கடைக்காரனுக்கு ஒரே பெருமை.

ருசி பார்க்க நம் பிள்ளையார்பாளையமே உன்னைத்தான் கூட்டிப்போனது. சாயக் கொப்பரையில் புளிப்பு சரியா என்று நாக்கு நுனியில் தொட்டுச் சொல்கிற சாய மேஸ்திரி நீ. பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் அசல் ரை விஸ்கியை உனக்கு ஒரு சொட்டுக் காட்டியும் இருந்தார். நீ மோந்தாய். ஒரு வாய் வைத்து, கண்ணை மூடிச் சுழற்றி, சாக்கடையில் துப்பினாய்.

"ரைன்னா மொளகு கடிச்ச மாதிரி ஓரமா ஒரு காரம் வரணும். இது வெறும் வெல்லக் கழிவு. நெறமும் சரியில்ல, ரொம்ப அழகா இருக்குது."

"பொண்ணு பாக்க வந்தியா, விஸ்கி பாக்க வந்தியா?" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, புளித்தண்ணீர் விட்டுச் சூடாக்கி, வெள்ளைப் பட்டு நூலை அதில் போட்டாய். நூல் தேன் நிறத்தில் வந்தது. நுரை வரப் பூவந்திக்கொட்டை போட்டுக் கசக்கினாய். தண்ணீர் தெளிவாக ஓடியது. நிறம் அசையவில்லை.

"சர்க்கரையக் கருக்கிப் போட்டிருந்தா அலசினதும் போயிடும்பா. இது சாயம். பொடவைக்குப் போடறத மனுசன் வயித்துல ஊத்தறான்!" உனக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன்.

நூலோடு நாம் இருவரும் உடனே கடைக்குப் போனோம். கடைக்காரன் உன் வாயை மோந்துவிட்டுக் கூட்டத்திடம் கத்தினான்: "காலையிலயே ஏத்திக்கினு வந்து கலாட்டா பண்றான் பாருங்க!"

துப்பியவன் வாயிலும் வாசனை இருக்காதா? அதை நான் சொல்லியிருக்க வேண்டும். நீ துப்பியதைப் பார்த்தவர்களில் அப்போது அங்கே நின்றது நான் ஒருவன்தான். ஆனால் நான் சொன்னது என்ன? "விடுங்கபா, எங்க விஸ்கி மேஸ்திரிக்கு இன்னிக்கு சாயம் ஏறிடுச்சு." கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாலு பேர் சிரித்தால் எனக்குப் போதும், உனக்குத் தெரியாததா? நாம் திரும்பி வருவதற்குள் அந்தப் பெயர் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வழியில் நூலை என் கையில் வைத்தாய். "வச்சிக்க. சிரிச்சி முடிச்சப்புறம் பாரு."

இன்று காலை அதை எடுத்துக்கொண்டு ஜரிகைக்காரர் வீட்டுக்குப் போனேன். சட்டைகூடப் போடவில்லை, அவ்வளவு ஆத்திரம். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவருடைய சொம்புத் தண்ணீரில் நூலைப் போட்டேன்.

"அந்தக் கடை விஸ்கில தோச்ச நூலு இது, சாயம் போவுதா பாருங்க. என் மச்சான் ஒரு சொட்டு முழுங்கி நான் பாத்ததில்ல. உங்க வயிறு வேகக்கூடாதுன்னு வாயில வச்சித் துப்பினவன்யா அவன்!"

அவர் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எனக்கு இன்னாபா தெரியும்? விஸ்கி மேஸ்திரின்னு பேரு வச்சது நீதானே?"

சொம்பில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நூலைப் பிழிந்து எடுத்து வந்தேன்.

இப்போது அது என் இடுப்பு மடிப்பில் இருக்கிறது. எந்தெந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க வைத்தேனோ, அந்தந்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு, இந்த நூலைப் போட்டு, நீ துப்பியதைச் சொல்லப் போகிறேன். முதலில் உன் தங்கையிடம். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.